வானம் பொய்த்ததா, வர்த்தமானி பொய்த்ததா?

யாழ்ப்பாணக் கமக்காரன் இடருறும் போதெல்லாம் கொழும்பு அரசாங்கங்கள் கூறும் விடை ஒன்றே: இயற்கை சீறிற்று, நிவாரணம் தருவோம் என்பதே அது. 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியதற்கு நாம் எவரையும் குற்றஞ் சாட்டவில்லை. ஆனால், நம் தோட்டங்களை அழித்த பேரிடர்கள் யாவும் வானத்திலிருந்தா வந்தன?

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. மிளகாயும் வெங்காயமும் செம்மண்ணில் செழித்தன. அக்காப்பை நம்பிக் கிணறு வெட்டினோம். இறைப்பு இயந்திரம் வாங்கினோம். 1977இல் ஆட்சி மாறியது, சந்தை திறந்துவிடப்பட்டது, காப்பும் போயிற்று. விலைவீழ்ச்சியைச் சுமந்தவன் யார்? கமக்காரனே அன்றோ?

2021 மே மாதம் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் இங்கு காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. பின்னர் அறிவித்த நட்டஈடோ நெற்செய்கையாளருக்கு! 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. ஆறில்லா நாட்டில் மண்ணெண்ணெயின் விலையே நீரின் விலை என்பதை ஆள்வோர் அறியாரா?

சேதனப் பசளைக்கு நாம் பகைவரல்லர். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை மறைக்கவும் வேண்டாம். பசளையைக் குறைத்தே ஆகவேண்டும். ஆனால் அது மண்ணைச் சோதித்து, போகத்துக்குப் போகம் படிப்படியாகச் செய்ய வேண்டிய சீர்திருத்தம். ஓர் ஆணையால் ஓரிரவில் ஆவதன்று.

ஆகவே, நாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, பயிரைப் பாதிக்கும் இறக்குமதி, வரி, பசளை ஆணைகள் விதைப்புக்கு முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். அறுவடை முடியும்வரை மாற்றப்படலாகாது. நகரத்து ஏழை மலிவாக வெங்காயம் உண்ண வேண்டாமா என வினவுவர். உண்ணட்டும்! பஞ்சம் வரின் இறக்குமதி செய்க; ஆனால் அதனால் விழும் விலைக்கு ஈடாக உத்தரவாத விலையையும் அரசே கொடுக்க வேண்டும். ஏழையின் உணவுக்கு மற்றோர் ஏழை மட்டும் இறுப்பது நீதியாகாது.

இரண்டாவது, நீர். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சிக்குக் கொணரும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்தார். தலைமுறைகள் கடந்தும் அது முழுமை பெறவில்லை. ஆண்டுதோறும் மாரிநீர் கடலிற் கலக்க, கோடையில் கிணறு உவராகின்றது.

மூன்றாவது, இறைப்பு. சூரிய மின்னில் இயங்கும் இயந்திரங்களுக்கு எளிய தவணைக்கடன் வேண்டும். செலவின்றி இறைப்பவன் மிகையாக இறைத்துக் கிணற்றை உவராக்காதிருக்க, சொட்டுநீர்ப் பாசனமும் அதனுடன் சேர்த்தே வழங்கப்படல் வேண்டும்.

நிவாரணம் நட்டத்தின் பின் வருவது. நல்ல சட்டம் விதைப்பின் முன் நிற்பது. முன்னதற்கு வரிசையில் நின்றது போதும். கற்றோரே, கமக்காரரே! வாக்குக் கேட்டு வருவோரிடம் பசளைப் பை கேளாதீர். விதைத்தபின் விதியை மாற்றமாட்டோம் என்னும் உறுதியைக் கேளுங்கள். அதையும் சட்டமாகக் கேளுங்கள்!