எம்.பி.ஏ. படிக்க முகாமைத்துவப் பட்டம்தான் வேண்டுமா?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு தாய் நம்மை வழியில் மறித்தார். "சேர், மகளுக்கு எம்.பி.ஏ. படிக்கணுமாம். அதுக்கு முதல்லயே மெனேஜ்மென்ட் டிகிரி வேணுமாமே? டவுன்ல ஒரு இடத்துல சொன்னாங்க. நகையை வச்சிரலாமான்னு பாக்குறோம்."

மகள் கணிதப் பிரிவில் நன்றாகவே செய்திருந்தாள். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் பௌதிக விஞ்ஞானம் கிடைக்கக்கூடிய புள்ளி. அதை விட்டுவிட்டு, காசு கட்டிப் படிக்கும் தனியார் நிறுவனமொன்றில் சேர்க்கத்தான் வீட்டில் யோசித்தார்கள். வைக்கச்சொன்ன இடத்துக்கு நகை போகவில்லை. இப்படி நகை போன வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம்.

எம்.பி.ஏ. என்பது பட்டப்பின் படிப்பு. பொதுவாக அதற்குக் கேட்பது ஒரு பட்டமும், சில வருட வேலை அனுபவமும்தான். அந்தப் பட்டம் முகாமைத்துவமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பொறியியலாளர், விவசாயப் பட்டதாரி, வைத்தியர் எல்லாரும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதற் பட்டம் இலவசம். எம்.பி.ஏ. அங்கேயும் கட்டணத்துக்குத்தான். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வார இறுதியில் போய்ப் படிப்பார்கள். ஆகவே இலவசமாகக் கிடைக்கும் முதற் பட்டத்தைத் தள்ளிவிட்டு இரண்டுக்கும் காசு கட்டுவது நம்மைப் போன்றவர்களுக்குச் சரிப்படாத கணக்கு.

அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்னது இதுதான். உனக்குக் கைவந்த கணிதத்தையே படி. புள்ளிவிபரவியல் எடுக்க முடிந்தால் எடு. நல்ல வகுப்புச் சித்தி வாங்கு. ஆங்கிலத்தை முதல் வருடத்திலேயே பிடித்துக்கொள். எம்.பி.ஏ. வாசலில் நம் பிள்ளைகளைத் தடுப்பது பாடம் இல்லை, அந்த மொழிதான். பிறகு ஒரு வேலைக்குப் போ, இரண்டு மூன்று வருடம் போகட்டும், அப்போது பார்.

விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. கொழுந்து எடுக்கும் வீட்டுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு எம்.பி.ஏ.யும் முடித்தால், கொழும்பு ஏல விலையிலிருந்து தொழிற்சாலைச் செலவு வரை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியதில்லை.

வர்த்தகப் பிரிவில் படிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சோர வேண்டாம். மலையகத்தில் பல பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் சில பாடசாலைகளோடு நின்றுவிடுகின்றன. அது பிள்ளைகளின் குற்றமில்லை. கணக்கீட்டில் ஆர்வமுள்ளவர்கள் தயங்காமல் முகாமைத்துவ பீடத்துக்குப் போகலாம். சொல்லப்போனால் சங்கத்துக்கு அவர்கள்தான் அவசரமாகத் தேவை. 1992ல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனதிலிருந்து, சம்பளம் பேச உட்காரும் ஒவ்வொரு முறையும் உற்பத்திச் செலவு என்று ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். 2021ல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகியபோதும் அதே செலவுக் கதைதான். பங்குச் சந்தையில் பதிந்த கம்பனிகளின் ஆண்டறிக்கை யாரும் பார்க்கக்கூடியது. அதை வரி வரியாகப் பிரித்து, எந்தச் செலவு எங்கே போனது என்று கேட்க நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், கலைப் பிரிவு தவிர்ந்த பல துறைகளில் மாவட்ட ஒதுக்கீட்டோடு மேலதிக 5 சதவீதத்திலும் நம் பிள்ளைகளுக்கு இடமுண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி, கற்கைநெறிகளை விருப்ப வரிசைப்படி நிரப்புங்கள். அந்த வரிசையைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள், அதனால் அவசரத்தில் எழுதவேண்டாம். பெற்றோர் படிவத்தோடு வந்தால் பாடசாலை விட்டதும் நாம் உட்கார்ந்து நிரப்பித் தருவோம். நகையோடு டவுனுக்குப் போகுமுன் வாருங்கள்.