பழைய விளையாட்டும் புகுத்திய கதையும்

வைகாசித் திங்கள் முதல் நாளன்று குடியாத்தத்தில் நிகழும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை நம் மாணவருட் பலர் கண்டிருப்பர். இத்தகைய திருவிழாக்களிற் சுழலும் இராட்டினத்திற்குக் கதை யாதும் இல்லை. மேலே செல்லுங்கால் ஊர் சிறிதாகின்றது. கீழே இறங்குங்கால் அடிவயிறு கூசுகின்றது. தன்னை அரசகுமாரனாகப் பாவிப்பதும் பறவையாகப் பாவிப்பதும் ஏறியவன் விருப்பம். அவன் மனத்திற்கென விடப்பட்ட அவ்விடமே விளையாட்டின் உயிர் என்பது எமது அபிப்பிராயம்.

அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களின் அன்பர் நெடுநாளாக முறையிட்டு வருவதும் இவ்விடம் பறிபோவதைப் பற்றியே. கலிபோர்னியாவில் 1955இல் திறக்கப்பெற்ற டிஸ்னிலாந்தில், 1967இல் கரீபியக் கடற்கொள்ளையர் சவாரி தொடங்கிற்று. படகில் அமர்ந்தோர் இருண்ட குகைகளையும் எலும்புக்கூடுகளையும் எரியும் பட்டினத்தையும் கண்டு செல்வர். தொடர்கதை யாதும் இல்லை. 2003இல் அச்சவாரியின் பெயரால் ஒரு திரைப்படம் வெளிவந்து பெரும்பொருள் ஈட்டிற்று. 2006இல் அப்படத்து ஜாக் ஸ்பாரோவின் உருவங்களைச் சவாரிக்குள் நிறுத்தினர். அதுமுதல் கொள்ளையர் அவனைத் தேடுகின்றனர். படகிற் செல்வோரும் அவனையே தேடுகின்றனர். மகன் தந்தைக்குப் பெயரிட்டாற் போன்றது இச்செய்கை.

மற்றொன்று காண்போம். 1964ஆம் வருஷத்து நியூயார்க் உலகப் பொருட்காட்சியில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தைச் சிறப்பிக்கும் பொருட்டு, 'சின்னஞ்சிறு உலகம்' என்னும் பொருள்படும் படகுச் சவாரி அமைக்கப்பெற்றது. 1966இல் அது டிஸ்னிலாந்தில் நிலைபெற்றது. மேரி பிளேர் என்னும் ஓவியரின் கைவண்ணத்தில், பல தேசத்துக் குழந்தைப் பொம்மைகள் ஒரே பாட்டைப் பாடின. 2009இல் அவற்றினிடையே டிஸ்னி திரைப்படப் பாத்திரங்கள் புகுந்தன. அன்பரும் அவ்வோவியரின் குடும்பத்தாரும் மறுத்துரைத்தும் பயனில்லை. பெயரில்லாத பொம்மையில் எத்தாயும் தன் குழந்தையைக் காணலாம்; பெயர்பெற்ற பாத்திரமோ வாயிற்கடையில் விற்கும் சரக்கையே நினைவூட்டும்.

பழையன யாவும் மாறாதிருத்தல் வேண்டுமோ எனின், அன்று. கொள்ளையர் சவாரியிற் பெண்களை ஏலமிடும் காட்சி இருந்தது. டிஸ்னிலாந்தில் 2018இல் அது மாற்றப்பெற்றது. 1989இல் திறந்த 'ஸ்பிளாஷ் மவுண்டன்' சவாரி, கறுப்பு மக்களின் துயர வாழ்வை இனியதெனப் பொய்யாகக் காட்டிய 1946ஆம் வருஷத்துத் திரைப்படத்தினின்று பிறந்தது. 2024இல் அது வேறு கதை பூண்டது. இவற்றையும் சிலர் எதிர்த்தனர். அவரோடு நாம் உடன்படோம். பிறரை இழிவுபடுத்துவதை நீக்குதல் அறம்; விளம்பரத்தைப் புகுத்துதல் வாணிகம். இரண்டையும் ஒன்றாக்கி எதிர்ப்போர் தம் நியாயமான முறையீட்டின் வலியையே குறைக்கின்றனர்.

நம் வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்திற் கட்டியக்காரன் அன்றாடச் செய்திகளைப் பாரதக் கதையினிடையே நுழைப்பதில்லையோ என்று வினவலாம். நுழைப்பான், நாமும் நகைப்போம். ஆயின் அவன் சேர்த்தது விடியலோடு ஒழியும். அருச்சுனனை மறைத்துத் தான் நாயகனாக நில்லான். அன்றியும் சபையோரோடு பேசி அவரையும் ஆட்டத்திற் பங்குகொள்ளச் செய்வான். சவாரியிற் புகுத்திய கதையோ ஏறியவன் பங்கைக் கவர்ந்து, அவனை வாளா நோக்கியிருக்கச் செய்கின்றது.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோற்சாலைகளிற் பழகியோர் இதனை எளிதில் உணர்வர். வடுப்பட்ட தோலின் மேற்புறத்தைத் தேய்த்து, வண்ணப்பூச்சிட்டு மறைப்பதுண்டு. வடுவற்ற நல்ல தோலைக் கனத்த பூச்சால் மூடுதல் பேதைமை. அதன் இயற்கை வரியே அதற்கு அழகும் விலையுமாம்.

புதுக்கதை உடையோர் புதுச்சவாரி அமைப்பாராக. பழையதைப் பழுதுபார்த்துப் பேணுவாராக. நம் மாணவருள்ளும் நாளை நாடகம் இயற்றுவோர், படம் எடுப்போர், பூங்கா அமைப்போர் தோன்றுவர். காண்போர் தாமே எண்ணி மகிழ்வதற்குச் சிறிது இடம் விட்டுவைக்கும் பெருந்தன்மையை அவர்கள் இக்காலத்திலேயே பயிலுவார்களென நம்புகின்றோம்.