கேட்கத் தெரிந்தால் கணக்கு வரும்

"எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லும் பிள்ளைகள் டிக்கோயாவிலும் உண்டு, கொழும்பிலும் உண்டு. வரலாறு வராது என்றோ, தமிழ் வராது என்றோ இவ்வளவு எளிதாக எவரும் சொல்வதில்லை. கணிதம் மட்டும் பிறவியோடு வரவேண்டிய வரம் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. அதைக் களைய ஒரு கணக்கையே துணைக்கு அழைப்போம்.

ஒரு தொழிலாளியின் நாட்சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்காக நூற்றுக்கு 8 கழிக்கப்படுகிறது. கையில் எஞ்சுவது 1,150 ரூபா. முழுச் சம்பளம் எவ்வளவு? தொகை எடுத்துக்காட்டுக்காக நாம் கொண்டது. நூற்றுக்கு 8 என்பதோ தொழிலாளியின் பங்காகச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவு.

மாணவர் பலர் 1,150-க்கு நூற்றுக்கு 8 கண்டு, அந்த 92 ரூபாவைக் கூட்டி, 1,242 என்று எழுதுவர். அடுத்த காம்பிராவில் உயர்தரம் படிக்கும் அண்ணனிடம் கொப்பியை நீட்டினால், அவன் அதை அடித்துவிட்டு 1,250 என்று எழுதிக் கொடுப்பான். விடை சரிதான். ஆனால் தம்பி கற்றது யாது? நாளைக்கு எண் மாறினால் மீண்டும் அதே பிழையைத்தான் செய்வான்.

துணை செய்யத் தெரிந்த அண்ணன் எழுதுகோலைத் தொடமாட்டான். "உன் விடையிலிருந்து நூற்றுக்கு 8 கழித்துப் பார், தம்பி" என்பான். கழித்தால் 1,142 ரூபா 64 சதமே வரும், 1,150 வராது. எங்கோ பிழை இருக்கிறதென்பதைத் தம்பி தானே காண்பான். அடுத்து, "எட்டு எதில் கழிந்தது? கைக்கு வந்த பணத்திலா, முழுச் சம்பளத்திலா?" என்று கேட்டால் போதும். முழுச் சம்பளம் 100 பங்கு. 8 பங்கு போக எஞ்சுவது 92 பங்கு. அந்த 92 பங்கே 1,150 ரூபா. ஆகவே ஒரு பங்கு 12 ரூபா 50 சதம்; நூறு பங்கு 1,250 ரூபா. நாளொன்றுக்கு 8 ரூபா வேறுபாடு. இருபத்தைந்து நாளில் 200 ரூபா. சம்பளத் துண்டைத் தானே சரிபார்க்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள தூரம் இது.

வீட்டில் படித்த அண்ணன் இல்லாதவர் என் செய்வது? 1970-களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை, தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டன. அக்காலத்துப் பிள்ளைகள் அட்சரகணிதத்தைக் காணாமலே கொழுந்துக் கூடையைச் சுமக்கப் போனார்கள். எனினும் அத்தகைய தாயாலும் துணை செய்ய இயலும். "நீ சொல்லு, நான் கேட்கிறேன்" என்று அடுப்பருகே உட்கார்த்தி வைத்தால் போதும். எங்கே பிள்ளை தடுமாறுகிறதோ, அங்கேதான் அதற்கு விளங்கவில்லை. அந்த இடத்தை அறிந்துகொண்டு மறுநாள் ஆசிரியரிடம் போனால் பாதிக் கணக்கு முடிந்துவிட்டது.

மேதையரும் கேட்டே வளர்ந்தனர். கும்பகோணத்தில் சிறுவனாயிருந்த இராமானுஜன், தம் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களைத் துளைத்தெடுத்து, அவர்கள் அறிந்த கணிதத்தையெல்லாம் கற்றுக்கொண்டார். பின்னர் 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவரே வாசகர்க்கு ஒரு வினா விடுத்தார். ஒன்றோடு இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலம். அதனுள் ஒன்றோடு மூன்று மடங்கு இன்னொரு வர்க்கமூலம். இவ்வாறு முடிவின்றிச் செல்லும் தொடரின் மொத்த வர்க்கமூலம் எவ்வளவு? விடை வெறும் 3. மூன்று என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2 × 4. நான்கு என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. இப்படியே ஐந்தையும் ஆறையும் அவிழ்த்துக்கொண்டு போனால் வினாவின் வடிவம் புலப்படும். முழுமையான நிறுவலுக்கு இன்னும் வேண்டுமாயினும், இவ்வழியைச் சாதாரண தர மாணவனும் பின்தொடரலாம்.

மாணவர்க்கு நாம் சொல்வது ஒன்றே: வெறுங் கொப்பியோடு உதவி கேட்கப் போகாதீர்கள். இரண்டு வரியாவது எழுதி, "இதுவரை வந்தேன், இதற்கப்பால் வழி தெரியவில்லை" என்று காட்டிக் கேளுங்கள். கேட்பது இழிவன்று, விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொள்வதே இழிவு. துணை செய்வோரும் விடையைத் தந்து விரட்டாமல், அடுத்த ஒரு படியை மட்டும் காட்டுவார்களாக.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டார் கூடியிருந்து பார்க்க ஒரு கணக்கு: ஈரத்துக்கும் சாக்குக்குமாக நூற்றுக்கு 10 கழித்தபின் ஒருவர் பெயரில் 18 கிலோ கொழுந்து பதிவாகியிருக்கிறது. அவர் தராசில் வைத்தது எவ்வளவு? 19.8 என்று சொல்பவர் மேலே உள்ள தம்பியின் கொப்பியை இன்னொரு முறை படிக்கவும்.