காசு கொடுத்து வாங்கும் இரைச்சல்

'எத்தனை வாட்ஸ் போடலாம் சார்?'

கார் மியூசிக் சிஸ்டம் கடைக்குள் நுழைந்ததும் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். என்ன பாட்டு கேட்பீர்கள், வண்டியில் யாரெல்லாம் வருவார்கள், தினம் எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள்... ஊஹூம், எதுவும் கிடையாது. மளிகைக் கடையில் 'அரிசி எத்தனை கிலோ?' என்று கேட்கிற மாதிரி, எத்தனை வாட்ஸ்!

ஒரு காலத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் காருக்கு ஒரு செட் மாட்ட வேண்டுமென்றால் மவுன்ட் ரோடு தாண்டி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போக வேண்டும். இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வருகிற வழியிலேயே மாட்டிக்கொள்ளலாம். நானும் மாட்டிக்கொண்டேன். இரண்டு அர்த்தத்திலும்!

நான் வாங்கியது கீழ் வேரியன்ட் கார். 'கம்பெனி ஸ்பீக்கர் எல்லாம் வெறும் பேப்பர் சார். காந்தத்தைப் பாருங்க, பிஸ்கட் சைஸ்' என்று கழற்றிக் காட்டினார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. டச் ஸ்கிரீன், நாலு கதவுக்கும் புது ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு ஆம்ப், 12 இன்ச் சப்-ஊஃபர். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '1000 வாட்ஸ்'. பில் 38,500 ரூபாய்.

இருபதாவது நாள் காலை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி காலி. சர்வீஸ் சென்டரில் டாஷ்போர்டைப் பிரித்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கம்பெனி கப்ளரை வெட்டி, ஒயர்களை முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. சாவியை எடுத்த பிறகும் ஆம்ப் ராத்திரி முழுக்க கரன்ட் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. 'ஒயரிங்ல கை வச்சுட்டீங்க. இனிமே எலெக்ட்ரிகல் வாரண்டின்னு வராதீங்க சார்' என்றார்.

நான் பி.காம். படித்தவன். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால், கணக்கு டேலி ஆகவில்லை என்றால் தூக்கம் வராது. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்கள், ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான்.

கார் பேட்டரி 12 வோல்ட். 1000 வாட்ஸ் எடுக்க வேண்டுமென்றால் 83 ஆம்பியர் ஓட வேண்டும். சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் ஒன்று 55 வாட்ஸ். ஜோடி 110. ஆக, 1000 வாட்ஸ் என்றால் ஒன்பது ஜோடி ஹெட்லைட்டை ஒரே சமயத்தில் எரிப்பதற்குச் சமம்! ஒரு சின்ன காரின் ஆல்டர்னேட்டர் தன் உயிரைக் கொடுத்தாலும் ஏறக்குறைய அவ்வளவு ஆம்பியர்தான் தரும். அதிலிருந்துதான் ஏ.ஸி. காற்றாடி, வைப்பர், லைட், இன்ஜின் எல்லாம் பிழைக்க வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் பாடி லூகாஸ் பஸ் ஸ்டாப்பில் ஷிஃப்ட் முடிந்து நிற்கிறவர் யாரையாவது கேளுங்கள். அந்த ஸ்டாப்புக்குப் பெயர் கொடுத்த தொழிற்சாலையே ஆல்டர்னேட்டர் செய்கிற இடம்.

இதைவிட வேடிக்கை, என் ஆம்ப் ஒயரில் அதே கடைக்காரர் போட்டிருந்த ஃப்யூஸ். 30 ஆம்பியர். முப்பதை 12-ஆல் பெருக்கினால் 360. ஸ்டிக்கர் 1000 என்கிறது, ஃப்யூஸ் 360 என்கிறது. அந்த 360-லும் ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடும். யார் சொல்வதை நம்புவீர்கள்?

டச் ஸ்கிரீன் அட்டைப்பெட்டியில் '4 x 50 வாட்ஸ்' என்று போட்டிருக்கும். அது ஒரு நொடிக்கும் குறைவாக எட்டிப் பார்க்கிற உச்சக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடியது, கடை பாஷையில் ஆர்.எம்.எஸ்., ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் பக்கம்தான். தனி ஆம்ப் இல்லாமல் 12 வோல்ட்டிலிருந்து அதற்கு மேல் பிழிய முடியாது. நம் வீட்டு ஸ்டீரியோக்களில் 'பி.எம்.பி.ஓ.' என்றொரு மாய எண் ஒட்டியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆவி சாகவில்லை. காருக்குள் குடிவந்துவிட்டது.

சரி, நிஜமாகவே வாட்ஸைக் கூட்டினோம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். நம் காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றவே சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்ஸைப் பத்து மடங்கு ஆக்க வேண்டும். பத்து மடங்கு கொடுத்து இரண்டு மடங்கு வாங்குகிற வியாபாரத்தை வேறு எந்தக் கடையிலாவது ஒப்புக்கொள்வீர்களா?

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டு கார் கம்பெனிகளை விட்டுவிட முடியாது. பிரவுச்சரைப் புரட்டுங்கள். இன்ஜின் எத்தனை சி.சி., எந்த ஆர்.பி.எம்.மில் எத்தனை குதிரைத் திறன், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்... எல்லாம் புள்ளி வைத்துப் போட்டிருப்பார்கள். பாட்டு விஷயத்தில் மட்டும் '4 ஸ்பீக்கர்கள்'. முடிந்தது! என்ன ஸ்பீக்கர், எத்தனை வாட்ஸ் என்று பெரும்பாலும் மூச்சே கிடையாது. கீழ் வேரியன்ட்டில் பிஸ்கட் காந்தம் வைத்துக் காசு மிச்சம் பிடிப்பார்கள். நல்லது வேண்டுமென்றால் மேல் வேரியன்ட்டுக்குப் போ, கூடவே உனக்குத் தேவையில்லாத சன் ரூஃபையும் வாங்கு என்பார்கள். கடைக்காரரின் ஸ்டிக்கர் பொய்க்கு இடம் கொடுத்ததே இவர்களின் மௌனம்தான்.

அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் வாட்ஸ் புளுகு தாங்காமல், இப்படித்தான் அளக்க வேண்டும் என்று 1974-லேயே அரசு விதி போட்டது. நம்மூரிலும் வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால், '1000 வாட்ஸ்' ஸ்டிக்கரைப் பொய்யான விளம்பரமாக நாம் நினைப்பதே இல்லை. அதைப் பெருமையாகப் பின் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்கிறோம்!

இதுவரை சொன்னது பணக் கணக்கு. பணம் போனால் போகட்டும். போனால் வராத ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

என் பெரியப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் 31 வருஷம் வேலை பார்த்தவர். எஸ்டேட் ஆரம்பித்தது 1964-ல். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு அதுதான் சோறு போட்டது. தகரத்தை அழுத்தி வெட்டுகிற மிஷின் நாள் முழுக்க 'டங்... டங்...' என்று இடிக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் கையை ஆட்டித்தான் பேச வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வாராம். அதுதான் பாதுகாப்பு.

புது சிஸ்டம் மாட்டிய வாரம், அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, திருமுல்லைவாயலிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வாங்கியதைக் காட்ட வேண்டாமா? பாட்டைப் போட்டேன். சீட் அதிர்ந்தது. கண்ணாடி அதிர்ந்தது.

'எப்படி இருக்கு பெரியப்பா?'

'நல்லா அதிருதுடா. என்ன பாடறான்?'

சத்தத்தைக் கூட்டினேன். தலையை ஆட்டினார். 'சத்தம் கேட்குது. வார்த்தைதான் வரலை. ஷாப்புல நின்ன மாதிரியே இருக்கு.'

சும்மா சொன்ன வார்த்தை இல்லை அது. இரைச்சல் காதைச் சாப்பிடும் முறையே அப்படித்தான். முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து மேல்ஸ்தாயி ஒலிகள். பேச்சில் ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை பெரிதும் அந்த மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. அது போனால் 'பத்து', 'பட்டு' எல்லாம் ஒன்றுதான். டிரம் கேட்கும், பாஸ் கேட்கும், வார்த்தை கேட்காது. உள்காதில் ஒருமுறை செத்த உணர்செல் மறுபடி முளைப்பதும் இல்லை.

இதை அரசாங்கம் அன்றே நோய் என்று ஒப்புக்கொண்டிருந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பு இருந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தது. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று விதியும் இருந்தது. பெரியப்பாவின் ஷாப்பில் ஒருநாளும் யாரும் மீட்டர் வைத்து அளந்ததில்லை என்பது வேறு கதை.

உலக சுகாதார நிறுவனம் நாமாகக் கேட்கும் பாட்டுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 20 நிமிடம். இப்போது நம்ம கதைக்கு வாருங்கள். ஆவடியிலிருந்து கிண்டிக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கண்ணாடி அதிர 90 டெசிபலில் வைத்தால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடு வந்து சேரும்போது அந்த வாரத்துக் கோட்டா காலி. புதன், வியாழன், வெள்ளி எல்லாம் ஓவர் டைம். சம்பளம் இல்லாத ஓவர் டைம்!

எங்கள் அப்பாக்கள் சம்பளத்துக்காகச் சகித்துக்கொண்ட இரைச்சலை, நாங்கள் இ.எம்.ஐ. கட்டி வாங்குகிறோம். அவர்களுக்கு நஷ்டஈடு கேட்கவாவது ஒரு சட்டம் இருந்தது. நாம் யாரிடம் போய்க் கேட்பது?

'என் கார், என் காது, உனக்கென்ன?' என்று நீங்கள் கேட்கலாம். காரோடு நிற்கிறதா அது? சப்-ஊஃபரின் கீழ்ஸ்தாயி கதவையும் தாண்டும், சுவரையும் தாண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு அம்பத்தூர் சந்து ஒன்றில் நீங்கள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது, மூன்றாவது வீட்டுத் தொட்டிலில் குழந்தை விழித்துக்கொள்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. ஆம்புலன்ஸ் பின்னால் வந்து கத்தினாலும் கேட்காத கார்கள் பூந்தமல்லி ஹை ரோட்டில் எத்தனை ஓடுகின்றன என்பதை ஓட்டுகிறவர்கள் அறிவார்கள்.

பாட்டே கேட்காதே என்று சொல்லவில்லை சுவாமி! நல்லா கேளுங்கள். ஆனால், செலவை வரிசைப்படி செய்யுங்கள்.

முதலில் கதவு. ஓடும் காரில் டயரும் இன்ஜினும் போடுகிற உறுமல் பாட்டின் பாஸை விழுங்கிவிடுகிறது. கதவின் உள்தகரத்தில் இருக்கும் ஓட்டைகள் வழியாக ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி கசிந்து வந்து, மிச்ச பாஸையும் அடித்துவிடுகிறது. டேம்பிங் ஷீட் ஒட்டி அந்த ஓட்டைகளை அடைத்தாலே, கம்பெனி ஸ்பீக்கர் வேறு மாதிரி பாடும். அடுத்தது முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு நல்ல ஜோடி. பாட்டு முன்னாலிருந்து வந்தால் போதும். வாங்கும்போது ஆர்.எம்.எஸ். என்னவென்று கேளுங்கள். முழித்தால் அடுத்த கடை. ஒயரை வெட்டாதே, உன் வண்டிக்குரிய கப்ளர் போடு என்று பக்கத்திலேயே நின்று மாட்டுங்கள். ஆம்ப் போட்டால், பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். மாட்டியதை இன்ஷூரன்ஸ் பாலிசியில் தனியாகச் சேருங்கள். 2002 மோட்டார் டாரிஃப் கணக்குப்படி அதற்கு மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம். சேர்க்காவிட்டால், செட் திருடு போன அன்று கையை விரித்துவிடுவார்கள்.

நான் சப்-ஊஃபரைக் கழற்றிவிட்டேன். புத்தம் புதுசு, 3,000 ரூபாய்க்குப் போனது. தேய்மானக் கணக்கை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கதவுகளுக்கு ஷீட் ஒட்டினேன். வால்யூம் பாதியைத் தாண்டுவதில்லை.

போன மாதம் பெரியப்பாவை மறுபடி ஏற்றிக்கொண்டு போனேன். பழைய டி.எம்.எஸ். பாட்டு. கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். அப்புறம் பார்த்தால், உதடு அசைகிறது. காதில் விழுந்தது பாதி, ஞாபகத்திலிருந்து பாதி என்று அவரே சொன்னார்.

பெரியப்பாவிடம் பழைய பாட்டாவது ஞாபகத்தில் இருக்கிறது. இன்று பின் சீட்டில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவரும் உங்கள் பிள்ளை, அந்தப் பாட்டுகளை இனிமேல்தான் கேட்க வேண்டும். வாட்ஸ் எத்தனை என்று கடைக்காரர் கேட்கும்போது, அவன் காதையும் கணக்கில் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.