வேடம் திருடனுடையது, முடிவு யாருடையது?

“என் பாத்திரம் அப்படித்தான் செய்யும், சார். நான் என்ன பண்ண முடியும்?”

கிளமெண்டியில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் வரைந்த கல்மேசை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐவர் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஆடுவது சதுரங்கம் அல்ல, டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974ஆம் ஆண்டு வெளிவந்த விளையாட்டு அது. ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, “நான் கதவை உடைக்கிறேன்”, “நான் மரத்தில் ஏறுகிறேன்” என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை 20 பக்கப் பகடை தீர்க்கும். யார் வென்றார் என்ற கேள்வியே கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

மேலே உள்ள வாக்கியத்தை என்னிடம் சொன்னவன் திருடன் வேடம் ஏற்ற மாணவன். கதையில் கூட்டாளிகள் தூங்கியபோது அவர்களுடைய பொற்காசுகளையும் காயம் ஆற்றும் மருந்தையும் சுருட்டிக்கொண்டான். விடிந்ததும், புதையலின் வழி தெரிந்த ஒரே ஆளான ஊர்ப் பெரியவரைக் குத்திவிட்டான். மற்ற மூவர் இரண்டு மணி நேரம் யோசித்து யோசித்து நகர்த்திய கதை அதோடு படுத்துவிட்டது. மருத்துவச்சியாக ஆடிய மாணவி ஒன்றும் பேசாமல் நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை.

அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் பெயர் முக்கியமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குணக்குறிப்பு உண்டு. ஒரு பக்கம் நன்மை, நடுநிலை, தீமை. இன்னொரு பக்கம் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது வகை மனிதர்கள். அவன் தாளில் ‘குழப்பம், தீமை’ என்று இருந்தது. அதைத்தான் அவன் எனக்குக் காட்டினான், மருத்துவர் கொடுத்த விடுப்புச் சீட்டைக் காட்டுவதுபோல.

வகுப்பில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுதான் இது. “நியூட்டன் விதி இருப்பதால் ஆப்பிள் விழுகிறது” என்று எழுதுவார்கள். விதி ஆப்பிளுக்கு உத்தரவு போடவில்லை. பொருள்கள் எப்படி விழுகின்றன என்பதைக் கவனித்து மனிதர் எழுதிவைத்ததுதான் விதி. குணக்குறிப்பும் அப்படித்தான். ஒரு பாத்திரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதன் சுருக்கம் அது, கட்டளை அல்ல. பூட்டிய கோட்டைகளும் கொழுத்த வணிகர்களும் நிறைந்த உலகில் ஒரு திருடன் திருட எத்தனையோ இடம் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த தோழியின் பையைத் தேர்ந்தெடுத்தது தாள் அல்ல, பென்சிலைப் பிடித்திருந்த கை.

நானும் ஒரு தவறு செய்தேன். “இனிமேல் யாரும் தீய பாத்திரம் எடுக்கக்கூடாது” என்று தடை போட்டேன். அடுத்த வாரம் அவன் புனித வீரனாக வந்தான். தோழன் ஒருவன் காவலாளியிடம் சின்னப் பொய் சொன்னதும், “பொய்யை நான் பொறுக்கமாட்டேன்” என்று எல்லாரையும் காட்டிக்கொடுத்தான். ஆட்டம் மறுபடியும் கலைந்தது. இந்தத் தடவை நன்மையின் பெயரால்!

ஆக, சிக்கல் தீமையில் இல்லை. தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். துகிலுரிதல் காட்சிக்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, சூடம் ஏற்றி, திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துச்சாதனன் வேடக்காரர் தொடரும் வழக்கம் உண்டு. அவரைவிடக் கெட்ட பாத்திரம் எது? அதை முழு மூர்க்கத்தோடுதான் ஆடுகிறார். ஆனால் வேடத்துக்குள் ஒரு மனிதர் இருப்பதை அவரும் மறப்பதில்லை, எதிரே நிற்கும் நடிகரும் மறப்பதில்லை. அந்த நம்பிக்கை இருப்பதால்தான் அவ்வளவு கொடுமையை மேடையில் காட்ட முடிகிறது.

இப்போது பெயருக்கு வருவோம். 1976ஆம் ஆண்டு எட் டீனர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹாலோவீன் இரவில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் மாறுவேடமிட்டு மிட்டாய் கேட்டு வந்த 1,352 பிள்ளைகளை 27 வீடுகளில் ஒளிந்திருந்து கவனித்தார்கள். “ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவார். சிலரிடம் மட்டும் முன்னதாகப் பெயரும் முகவரியும் கேட்டுவைத்தார்கள். பெயர் சொல்லித் தனியாக வந்தவர்களில் 7.5 விழுக்காட்டினர் விதியை மீறினர். பெயர் சொல்லாமல் கூட்டமாக வந்தவர்களில் அது 57.2 விழுக்காடு.

எல்லாருமே வேடம் போட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வேற்றுமை முகமூடியில் இல்லை, பெயரில் இருந்தது. துணைக்கு ஆள் இருந்ததிலும் இருந்தது. “என் பாத்திரம் அப்படித்தான்” என்பவனும் இதைத்தான் செய்கிறான். தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை நீட்டுகிறான்.

பெரும்பாலான நடுவர்கள் இதற்குக் கதைக்குள்ளேயே தண்டனை தருவார்கள். எங்கள் நடுவரும், உயர்நிலை மூன்று மாணவர், வானத்திலிருந்து இடியை இறக்கித் திருடனைக் கொன்றார். பையன் சிரித்தான். ஐந்தே நிமிடத்தில் புதிய பாத்திரம் எழுதிவிட்டான். இறந்தது காகிதம், அவனுக்கு என்ன வலி? தண்டனைக்குப் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஏர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் இருவரும் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பொது நிதிக்குப் பணம் போடாதவரைத் தண்டிக்க வழி இருந்தபோது பங்களிப்பு உயர்ந்தது. ஆனால் கெக்டரும் வேறு இருவரும் 16 நகரங்களில் இதேபோன்ற சோதனையை நடத்தி 2008ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு வேறொன்றையும் காட்டியது. சில இடங்களில், நிறையக் கொடுத்த நல்லவர்களே தண்டிக்கப்பட்டார்கள். பழிவாங்கல் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள். இடி வாங்கிய திருடன் அடுத்து யார் பையைத் தேடுவான் என்று ஊகிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை.

கடைசியில் நடுவரே அவனைக் கோப்பிக் கடைக்கு அழைத்துப் போய், மைலோ வாங்கிக் கொடுத்து, பாத்திரத்தின் பெயரால் அல்லாமல் அவன் சொந்தப் பெயரால் கூப்பிட்டுக் கேட்டார்: “உனக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லையா?” வந்த பதில் எங்கள் யாருக்கும் தோன்றாதது. மற்றவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்களாம். அவன் முறை அரை மணிக்கு ஒருமுறைதான் வருகிறதாம். எதையாவது உடைத்தால்தான் எல்லாரும் அவன் பக்கம் திரும்புகிறார்களாம்.

அதன்பின் இரண்டே மாற்றங்கள். ஒருவர் முறைக்கு மூன்று நிமிடம். தோழரின் பாத்திரத்துக்குத் தீங்கு செய்ய நினைத்தால், முதலில் அந்தத் தோழரின் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கவேண்டும். “அப்படிக் கேட்டால் திடுக்கிடும் சுவை போய்விடுமே” என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் திடுக்கிட ஆளே வராத மேசையில் அந்தச் சுவையை வைத்து என்ன செய்வது? இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் வேண்டுமென்றே இன்னொருவரை நோகடித்தால், அது விளையாட்டு அல்ல, பகடிவதை. அவரை மேசையிலிருந்து எழச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நடுவர் வீட்டுக்கே போய் அழைத்தபின் மருத்துவச்சி திரும்பி வந்தாள். போன சனிக்கிழமை, மறுபடியும் திருடனாக வந்த பையன் அவளைப் பார்த்து, “உன் மருந்துக் குப்பியைத் திருடட்டுமா?” என்று கேட்டான். அவள் சற்று யோசித்தாள்.

“திருடிக்கோ. ஆனா குப்பிக்குள்ள என்ன இருக்குன்னு நான்தான் சொல்வேன்.”

மேசையே சிரித்தது. நடுவர் பகடையை நீட்டினார். அவன் உருட்டினான். விழுந்தது 3.