எல்லை அறிந்து எழுதுக

ஓரிடத்தில் செவ்வனே நடந்த சூத்திரம் எவ்விடத்தும் அவ்வாறே நடக்கும் எனக் கணினி கற்கும் மாணாக்கர் பலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் பிழையானது என்பதற்கு ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனப்படும் தேடற் குறித்தொடரே தக்க சான்றாகும்.

‘ஐந்து இலக்கங்கள் அடுத்தடுத்து வரும் இடங்களைக் காட்டுக’ என்று கணினிக்கு ஆணையிடச் சில குறிகளே போதும். இதற்கான கணிதத்தை அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1950களில் வகுத்தார். அதனைக் கணினியில் விரைந்து இயக்கும் வழியைக் கென் தொம்சன் 1968இல் வெளியிட்டார்.

குறிகள் ஒன்றேயாயினும் அவற்றை இயக்கும் மென்பொருள்கள் பல. ஓர் எழுத்து எத்தனை முறை வரலாம் என்று நாம் குறிக்கும் எண்ணுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி உச்சவரம்பு வைத்துள்ளது. பொசிக்ஸ் நியமம் கோருவது குறைந்தது 255. பிசிஆர்இ என்னும் மென்பொருள் 65,535 வரை ஏற்கும்; இரண்டு பைற்றுக்களில் அடங்கும் மிகப் பெரிய எண் அதுவே. கூகிளின் ஆர்இ2 ஏற்பதோ 1,000 வரைதான். ஆயிரம் முறை என்றால் அவ்வுறுப்பை அது ஆயிரம் படிகளாக விரித்து வைத்துக்கொள்ளும். ஆதலின் நினைவகம் பெருகாது காக்கவே இவ்வரம்பு.

அவ்வாறாயின் பெரிய எல்லை உடையதே சிறந்ததோ? அன்று. பிசிஆர்இ ஒரு வழி பொருந்தாவிடின் பின்னே திரும்பி மறுவழி தேடும். வழிகள் பெருகினால் சிறிய உரையிலும் தேடல் முடிவின்றி நீளும். ஆர்இ2 எல்லா வழிகளையும் ஒருங்கே கொண்டு முன்செல்லும். உரையின் நீளத்துக்கேற்பவே காலம் எடுக்கும்.

2019 யூலை 2ஆம் நாள் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் பாதுகாப்பு விதிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தது. அதிலிருந்த குறித்தொடர் ஒன்று இவ்வாறு பின்திரும்பித் தேடியே கணினிகளின் ஆற்றலை முழுவதும் விழுங்கிவிட்டது. அந்நிறுவனத்தின் வழியாக இயங்கிய இணையத்தளங்கள் உலகெங்கும் ஏறக்குறைய 27 நிமிடம் முடங்கின.

இவ்வாறு நேராமற் காக்க, பிஎச்பி மொழி பின்திரும்புதலுக்கு ஒரு வரம்பு வைத்துள்ளது. இயல்பாக அது 10 இலட்சம். அதனைக் கடந்தால் தேடல் இடையில் நின்று, பிழை என்னும் விடை வரும். அதனைப் ‘பொருந்தவில்லை’ என்று கொள்வோர் உளர். தேடி இல்லையென அறிவது வேறு. தேடி முடியாமல் நிற்பது வேறு. தீய உரையைத் தடுக்க எழுதிய காவல் விதியில் இவ்விரண்டும் மயங்கினால் கதவு திறந்தே கிடக்கும்.

ஆதலின் மாணாக்கர்காள், பிறரது குறித்தொடரை எடுத்தாளுமுன் உங்கள் மென்பொருளின் கைந்நூலைப் புரட்டி, அதன் வரம்பு யாது, வரம்பு கடந்தால் அது என்ன விடை தரும் என்னும் இரண்டையும் அறிந்துகொள்க.