பதினாலு வயதுப் பையனும் 365 படிகளும்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்பார்கள். டிசம்பர் 31 படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும். இப்படி ஒரு மலை பக்கத்திலேயே இருந்தால் ஃபுட்பால் கோச்சுக்கு வேறென்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஸ்டாமினா இல்லையா, படி ஏறு. லேட்டா வந்தாயா, இன்னொரு தடவை ஏறு!

ஏறுவதில் தப்பில்லை. தொடைக்கும் மூச்சுக்கும் நல்லதுதான். வில்லங்கம் இறங்கும்போதுதான். குதித்துக் குதித்து இறங்கினால் உடம்பின் பாரமெல்லாம் முட்டியில் விழும். பதிமூன்று, பதினாலு வயதில் பையன்கள் கிடுகிடுவென வளர்வார்கள். வேகம் உச்சத்தில் இருக்கும்போது ஒரே வருடத்தில் 8, 10 செ.மீ. கூட வளர்வதுண்டு. அந்தச் சமயத்தில் எலும்பு முனையில் வளரும் பகுதி இன்னும் கெட்டியாகியிருக்காது. தொடைத் தசை அதை இழுக்க இழுக்க முட்டிக்குக் கீழே புடைத்து வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று இதற்குப் பெயர். ஓட்டத்தையும் குதிப்பதையும் கொஞ்ச நாள் குறைத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் வலிக்கிறது என்று உட்கார்ந்த பையனுக்கு மைதானத்தில் கிடைப்பது ஓய்வா? "சோம்பேறி" என்ற பட்டம்தானே...

டீம் செலக்‌ஷன் இன்னொரு கூத்து. 14 வயதுக்குட்பட்டோர் டீமில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்பவன் அஞ்சாங்கிளாஸ் பையன் மாதிரி இருப்பான். இருவருக்கும் ஒரே வயதுதான். எலும்பின் வயதில் மட்டும் இரண்டு மூன்று வருடம் வித்தியாசம். கோச் யாரை எடுப்பார்? இந்த வருட லாபத்தை மட்டும் பார்த்து ஷேர் வாங்குகிற ஆளைப் போலத்தான் எடுப்பார். வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டோடு இருந்த மெஸ்ஸி 2000-ல் பதிமூன்று வயதில் பார்சிலோனா போனார். சிகிச்சைச் செலவை அந்த கிளப் ஏற்றுக்கொண்டது. இங்கே என்றால் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்!

வயதைக் குறைத்துச் சொல்லும் ஏமாற்றைப் பிடிக்க ஃபிஃபா 2009-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. சோதனையைக் கொண்டுவந்தது. (ஸ்கூலில் சேர்க்க ஹெட்மாஸ்டரே பிறந்த தேதி எழுதிவிட்ட கதை நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு உண்டு, அது தனிக் கதை.) ஏமாற்றுபவனைப் பிடிக்க அது உதவும். நிஜமாகவே பதினாலு வயதாகி, லேட்டாக வளரும் பையனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவனுக்குத் தேவையானது செலவில்லாத விஷயம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரம் பார்க்க வேண்டும். கோடு திடீரென்று எகிறினால் படி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். ஃபிஃபாவின் "11+" வார்ம்-அப் இருபது நிமிடம்தான், ஒரு பந்து இருந்தால் போதும். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் ஆடும் கிளப்களில் அதைச் சோதித்தார்கள். காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது.

அப்புறம் சாப்பாடு. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உடம்பு விறுவிறுவென வளர்வதோ அதற்குப் பிறகு. ஆறு மணிக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டு மைதானத்துக்கு வரும் எட்டாங்கிளாஸ் பையனுக்கு அடுத்த சாப்பாடு மதியச் சத்துணவுதான். நடுவில் அவனை மலை ஏறச் சொல்கிறவர், முதலில் அவன் பையில் ரெண்டு வாழைப்பழமாவது இருக்கிறதா என்று பார்க்கட்டும்.